தராசைப் பிடித்தவரே தராசைச் சோதிக்கலாமா? ஒரு விலகல் உத்தரவை வாசித்தல்

என் சித்தப்பாவுக்குச் சட்டம் தெரியாது. ஆனால் "இருபத்துநாலு ரெண்டு" என்றால் என்னவென்று நன்றாகவே தெரியும். 2014-க்குப் பிறகு சில வருடங்கள் எங்கள் வீட்டில் தினமும் புழங்கிய எண் அது. அவருடைய ஒன்றரை ஏக்கர் புஞ்சையைத் தொண்ணூறுகளில் ஒரு குடியிருப்புத் திட்டத்துக்காக எடுத்தார்கள். காகிதத்தில் எடுத்தார்கள், அவ்வளவுதான். இழப்பீடு குறைவு என்று அவர் வாங்க மறுத்தார். பணம் கருவூலத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. அவர் பாட்டுக்கு அந்த நிலத்தில் கடலை போட்டுக்கொண்டிருந்தார். வருடங்கள் போயின.

2013-ம் ஆண்டின் புதிய நிலம் கையகப்படுத்தல் சட்டம், பிரிவு 24(2), அவருக்கு ஒரு கதவைத் திறந்தது. 2020 மார்ச்சில் அந்தக் கதவு சாத்தப்பட்டது. சாத்திய தீர்ப்பைப் பற்றி நான் போனில் சொன்னபோது அவர் கேட்டது ஒரே ஒரு கேள்விதான்:

"ரெண்டு வருஷம் முன்னாடி நமக்கு எதிரா எழுதுனாரே, அதே ஜட்ஜாப்பா?"

அதே நீதிபதிதான். அந்தக் கேள்வியை நான் பலநாள் மனதில் போட்டு உருட்டிக்கொண்டிருந்தேன். இந்தப் பதிவு அதற்கான பதில் முயற்சி. நிலச் சட்டத்தைப் பற்றிய பதிவு இல்லை இது. ஒரு நீதிபதி "நான் இந்த வழக்கிலிருந்து விலக மாட்டேன்" என்று எழுதிய உத்தரவைப் பற்றியது. முதலிலேயே என் பங்கையும் சொல்லிவிட்டேன்: இந்த வழக்கில் தோற்ற பக்கத்தில் எனக்கு ஒரு சித்தப்பா இருக்கிறார். அதை மனதில் வைத்துக்கொண்டே வாசியுங்கள்.

என்ன நடந்தது

பிரிவு 24(2) சொன்னது சுருக்கமாக இதுதான். பழைய 1894 சட்டத்தின்கீழ் இழப்பீட்டுத் தீர்வம் (நம் ஊரில் எல்லோரும் 'அவார்டு' என்றே சொல்வது) பிறப்பித்து ஐந்து வருடமோ அதற்கு மேலோ ஆகியிருக்க வேண்டும். அப்படியும் நிலத்தின் சுவாதீனம் எடுக்கப்படவில்லை 'அல்லது' இழப்பீடு கொடுக்கப்படவில்லை என்றால், அந்தக் கையகப்படுத்தல் காலாவதி. அரசுக்கு நிலம் வேண்டுமானால் புதிய சட்டத்தின்கீழ், புதிய விலையில், முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

2014 ஜனவரியில் உச்ச நீதிமன்றத்தின் மூவர் அமர்வு, நீதிபதிகள் லோதா, மதன் லோகூர், குரியன் ஜோசப், புனே மாநகராட்சி வழக்கில் ஒரு தெளிவான விளக்கம் கொடுத்தது. பணத்தைக் கருவூலத்தில் போட்டு வைப்பது 'கொடுத்தது' ஆகாது. நிலக்காரர் வாங்க மறுத்தால் நீதிமன்றத்தில் கட்டியிருக்க வேண்டும். இந்த ஒரு வரி நாடு முழுக்க எத்தனையோ சித்தப்பாக்களை உயர் நீதிமன்ற வாசலுக்குக் கொண்டு வந்தது.

2018 பிப்ரவரி 8. இன்னொரு மூவர் அமர்வு, நீதிபதிகள் அருண் மிஸ்ரா, ஏ.கே. கோயல், மோகன் சாந்தனகவுடர், இந்தூர் வளர்ச்சி ஆணைய வழக்கில் புனே தீர்ப்பு தவறு என்றது. இங்கே ஒரு சிக்கல். மூவர் அமர்வு இன்னொரு மூவர் அமர்வின் தீர்ப்பைத் தள்ள முடியாது. பெரிய அமர்வுக்கு அனுப்பத்தான் முடியும். அதனால் பெரும்பான்மை நீதிபதிகள் 'பெர் இன்க்யூரியம்' என்ற வழியைப் பிடித்தார்கள். அதாவது, முந்தைய அமர்வு சட்டத்தைக் கவனிக்காமல் கொடுத்த தீர்ப்பு, ஆகவே கட்டுப்படுத்தாது. அந்தப் பகுதியில் சாந்தனகவுடர் உடன்படவில்லை. இரண்டே வாரத்தில், பிப்ரவரி 21 அன்று, லோகூர், குரியன் ஜோசப், தீபக் குப்தா அமர்வு தலையிட்டு, இந்தக் குழப்பம் தீரும்வரை இப்படிப்பட்ட வழக்குகளை முடிக்க வேண்டாம் என்று உயர் நீதிமன்றங்களைக் கேட்டுக்கொண்டது. உச்ச நீதிமன்றம் தனக்குள்ளேயே சண்டை போட்டுக்கொண்டது என்று சொன்னால் மிகையில்லை.

சண்டையைத் தீர்க்க ஐவர் கொண்ட அரசியல் சாசன அமர்வு. 2019 அக்டோபரில் அது கூடியபோது தலைமை நாற்காலியில் இருந்தவர் நீதிபதி அருண் மிஸ்ரா. உடன் இந்திரா பானர்ஜி, வினீத் சரண், எம்.ஆர். ஷா, ரவீந்திர பட். விவசாயிகள் தரப்பில் மூத்த வழக்கறிஞர் ஷியாம் திவான் எழுந்து, தயவுசெய்து நீங்கள் விலக வேண்டும் என்றார். அரசுத் தரப்பில் சொலிசிட்டர் ஜெனரல் துஷார் மேத்தா கடுமையாக எதிர்த்தார். அக்டோபர் 23 அன்று நீதிபதி மிஸ்ரா உத்தரவு எழுதினார்: விலக முடியாது. அமர்வில் யாரும் மாற்றுக் கருத்து சொல்லவில்லை.

2020 மார்ச் 6 அன்று ஐவரும் ஒருமனதாகப் புனே தீர்ப்பைத் தள்ளினார்கள். பிரிவிலிருந்த 'அல்லது', 'மற்றும்' என்று வாசிக்கப்பட்டது. சுவாதீனமும் எடுக்கவில்லை, பணமும் கொடுக்கவில்லை என்றால்தான் காலாவதி. பஞ்சநாமா எழுதினாலே சுவாதீனம் எடுத்ததாக ஆகும். கருவூலத்தில் கிடந்த பணம் போதும். சித்தப்பாவின் கதை அங்கே முடிந்தது.

உத்தரவின் வலுவான பக்கம்

கோபத்தோடுதான் அந்த விலகல் உத்தரவை வாசிக்க உட்கார்ந்தேன். பாதி தாண்டியதும் கோபம் கொஞ்சம் இறங்கியது. ஏனென்றால் அதில் இருக்கும் முதன்மை வாதம் லேசானது இல்லை.

ஒரு சட்டக் கேள்வியில் முன்பே கருத்துச் சொல்லியிருப்பது பாரபட்சம் ஆகாது என்கிறார் அவர். உண்மைதானே? பணத் தொடர்பு வேறு, உறவு வேறு, சட்டப் பார்வை வேறு. இருபது வருடம் நீதிபதியாக இருந்தவருக்கு எந்தக் கேள்வியிலும் முன்கருத்து இல்லை என்றால் அவர் அந்த இருபது வருடம் என்ன செய்துகொண்டிருந்தார் என்று கேட்க வேண்டியிருக்கும். தங்கள் முந்தைய தீர்ப்பைப் பரிசீலித்த பெரிய அமர்வுகளிலேயே அமர்ந்த நீதிபதிகள் பலர் உண்டு. சொல்லப்போனால், நம் உச்ச நீதிமன்றத்தில் சீராய்வு மனு போட்டால், முடிந்தவரை தீர்ப்பு சொன்ன அதே நீதிபதிகளிடம்தான் போக வேண்டும். விதியே அப்படி.

இரண்டாவது வாதம், 'பெஞ்ச் ஹண்டிங்'. நமக்குச் சாதகமில்லாத நீதிபதியைக் கல்லெறிந்து ஓடவைத்துவிட்டு, பிடித்த நீதிபதியிடம் போவது. பெரிய கட்சிக்காரர்கள் இதைச் செய்வார்கள் என்பது நீதிமன்ற வராண்டாவில் டீ குடித்தவர்கள் எல்லோருக்கும் தெரிந்ததுதான். கேட்டவுடன் விலகினால் ஒவ்வொரு வழக்கிலும் கேட்பார்கள்.

இந்த இரண்டையும் நான் ஏற்கிறேன். அவர் விலகியே ஆக வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்தியதா என்று கேட்டால், இல்லை என்றுதான் நேர்மையாகச் சொல்ல வேண்டும். என் புகார் முடிவைப் பற்றியது இல்லை. அந்த முடிவுக்கு வந்த பாதையைப் பற்றியது.

யாருடைய மனம்?

உத்தரவு முழுக்க ஒரு சொல் திரும்பத் திரும்பத் தட்டுப்படுகிறது: நான். என் மனசாட்சி, என் கடமை. நான் விலகினால் பெரும் பிழை செய்தவன் ஆவேன், வருங்காலம் என்னை மன்னிக்காது என்ற பொருளில் முடிகிறது. ஒரு மனிதர் தன் நெஞ்சைத் திறந்து காட்டுகிறார். பொய் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஆனால் கேட்கப்பட்ட கேள்வி அது இல்லை.

இதே உச்ச நீதிமன்றம் 1987-ல் ரஞ்சித் தாக்கூர் வழக்கில் சொன்ன சோதனை வேறு. ரஞ்சித் தாக்கூர் ஒரு சாதாரண ராணுவ வீரர். தன் மேலதிகாரி கொடுமைப்படுத்துகிறார் என்று நேராக உயரதிகாரிகளுக்கு எழுதினார். அதற்காகத் தண்டிக்கப்பட்டார். தண்டனைக் காலத்தில் சாப்பிடு என்று உத்தரவிட்டபோது மறுத்தார். அதற்கும் ஒரு ராணுவ விசாரணை. அந்த விசாரணைக் குழுவில் உட்கார்ந்திருந்தவர், யார் மேல் புகார் எழுதினாரோ அதே அதிகாரி! உச்ச நீதிமன்றம் தண்டனையை ரத்து செய்தது. அப்போது சொன்னது: தீர்ப்புச் சொல்பவர் தன் மனதைப் பார்த்து "நான் பாரபட்சமாக இருக்கிறேனா?" என்று கேட்டுக்கொள்வது சரியான வழி இல்லை. தன் எதிரில் நிற்பவரின் மனதைப் பார்க்க வேண்டும்.

எவ்வளவு எளிமையான, எவ்வளவு கஷ்டமான சோதனை பாருங்கள். சித்தப்பாவின் கேள்வி அந்தச் சோதனையிலிருந்து நேராக வந்த கேள்வி. அவருக்கு 1987 வழக்கெல்லாம் தெரியாது.

பழைய ஆங்கிலேய வழக்குகளும் இதைத்தான் சொல்கின்றன. 1852-ல் லார்ட் சான்சலர் காட்டன்ஹாம் ஒரு கால்வாய் கம்பெனிக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்திருந்தார். அவர் அந்தக் கம்பெனியின் பங்குதாரர் என்று பிறகு தெரிந்தது. அந்தப் பங்கு அவர் மனதைத் துளியாவது அசைத்திருக்கும் என்று யாருமே நினைக்கவில்லை. அப்படியிருந்தும் பிரபுக்கள் சபை தீர்ப்பைத் தள்ளியது. 1924-ல் சசெக்ஸ் வழக்கு. ஒரு மோட்டார் சைக்கிள் விபத்து. நீதிமன்ற எழுத்தர், எதிர்த்தரப்புக்காக நஷ்டஈடு கேட்கும் வக்கீல் நிறுவனத்தைச் சேர்ந்தவர். மாஜிஸ்ட்ரேட்டுகள் உள்ளே போனபோது அவரும் கூடப் போனார். அவரிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. தண்டனை ரத்து! நீதி வழங்கப்படுவது மட்டும் போதாது, வழங்கப்படுவது கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று இன்று மேடைக்கு மேடை சொல்கிறார்களே, அது பிறந்த இடம் இந்தச் சின்ன விபத்து வழக்குதான்.

இந்த மூன்று வழக்கிலும் உள்மனம் விசாரிக்கப்படவே இல்லை. 2019 உத்தரவில் உள்மனம்தான் முதல் சாட்சி.

காலி நாற்காலி

இன்னொன்று. உத்தரவை இரண்டாம் முறை வாசித்தபோதுதான் எனக்கு இது உறைத்தது.

ஐவர் அமர்வின் முன் இரண்டு எதிரெதிர்த் தீர்ப்புகள் இருந்தன. 2014-ன் புனே, 2018-ன் இந்தூர். 2014 தீர்ப்பைத் தந்த லோதா அந்த வருடமே ஓய்வு பெற்றுவிட்டார். குரியன் ஜோசப்பும் லோகூரும் 2018 கடைசியில் ஓய்வு பெற்றார்கள். 2018 தீர்ப்பில் பாதி உடன்படாத சாந்தனகவுடர் பதவியில் இருந்தார், ஆனால் இந்த அமர்வில் இல்லை. ஆக, சண்டை போட்ட இரண்டு கருத்துகளில் ஒன்றுக்கு அதை எழுதியவரே தலைமை நாற்காலியில் இருந்தார். இன்னொன்றுக்கு யாருமே இல்லை.

சீராய்வு மனுவோடு இதை ஒப்பிட முடியாது என்று நான் நினைப்பது இதனால்தான். சீராய்வில், "நீங்கள் எழுதியதை நீங்களே இன்னொரு தடவை பாருங்கள்" என்று தெரிந்தேதான் கேட்கிறோம். பெரிய அமர்வுக்கு அனுப்புவது அப்படி இல்லை. இரண்டு பேர் அடித்துக்கொள்ளும்போது ஊரில் மூன்றாவது ஆளைக் கூப்பிடுவோமே, அது. வந்த பஞ்சாயத்தில் நடு இடத்தில் உட்கார்ந்திருப்பவர் அடித்துக்கொண்ட இருவரில் ஒருவர் என்றால், அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் மற்றவர் வீட்டில் என்ன பேசிக்கொள்வார்கள்?

அவரை விட்டால் ஆளில்லை என்ற நிலையும் இல்லை. 2019-ல் உச்ச நீதிமன்றத்தின் அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கை 34. இங்கே 2015-ன் நீதிபதிகள் நியமன ஆணைய வழக்கை நினைத்துப் பார்க்கலாம். கொலீஜியத்தில் இருக்கும் நீதிபதி கேஹர் அந்த வழக்கைக் கேட்கக் கூடாது என்று ஃபாலி நாரிமன் ஆட்சேபித்தார். ஆனால் அந்த வழக்கில் எந்த நீதிபதிக்குத்தான் பங்கு இல்லை? இன்று கொலீஜியத்தில் இல்லாதவர் நாளை வருவார். யார் உட்கார்ந்தாலும் அதே ஆட்சேபம். வேறு வழியில்லாதபோது உட்காரத்தான் வேண்டும். நில வழக்கில் வேறு வழி தாராளமாக இருந்தது. அந்த வழியைத் தேர்ந்தெடுக்கும் அதிகாரம், யார் எந்த வழக்கைக் கேட்பது என்று பட்டியல் போடும் தலைமை நீதிபதியிடம் இருந்தது. அவர் காரணம் சொல்லத் தேவையில்லை. சொல்லவும் இல்லை. நீதிபதி மிஸ்ராவை மட்டும் குறை சொல்பவர்கள் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

மற்ற ஊர்களில்

1998 நவம்பரில் பிரிட்டனின் பிரபுக்கள் சபை, சிலியின் முன்னாள் சர்வாதிகாரி பினோசேவுக்கு விலக்குரிமை இல்லை என்று 3-2 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. உலகமே கொண்டாடியது. பிறகு தெரிந்தது: மூவரில் ஒருவரான லார்ட் ஹாஃப்மன், ஆம்னெஸ்டி இன்டர்நேஷனலோடு இணைந்த ஓர் அறக்கட்டளை நிறுவனத்தின் தலைவர். அந்த வழக்கில் ஆம்னெஸ்டியும் ஒரு தரப்பு. அவர் வாயைத் திறந்து சொல்லவில்லை. ஒரு மாதத்துக்குள் வேறு ஐந்து நீதிபதிகள் உட்கார்ந்து, தங்கள் சக நீதிபதி பங்கேற்ற தீர்ப்பையே ரத்து செய்தார்கள். ஏழு பேர் புதிதாகக் கேட்டார்கள். 1999 மார்ச்சில் மறுபடியும் பினோசேவுக்கு எதிராகவே வந்தது, குற்றச்சாட்டுகள் வெகுவாகச் சுருங்கினாலும்.

அந்தக் காலத்தில் இதைப் படித்தபோது எரிச்சலாக இருந்தது. ஒரு கொடுங்கோலனுக்கு எதற்கு இவ்வளவு நியாயம் என்று. இப்போது யோசித்தால், அந்த இரண்டாவது தீர்ப்பைத்தான் யாராலும் குறை சொல்ல முடியவில்லை.

அமெரிக்காவில் நேர் எதிர். 2004 ஜனவரியில் நீதிபதி ஸ்காலியா, துணை ஜனாதிபதி டிக் செனியோடு லூசியானாவுக்கு வாத்து வேட்டைக்குப் போனார். செனியின் அரசு விமானத்தில். செனி தரப்பாக இருந்த ஒரு வழக்கு அப்போது அவருடைய நீதிமன்றத்தில் காத்திருந்தது. விலகச் சொல்லி மனு. ஸ்காலியாவே 21 பக்கம் எழுதி, ஸ்காலியாவே மறுத்தார். 2023 நவம்பரில்தான் அந்த நீதிமன்றம் தனக்கென ஒரு எழுத்துப்பூர்வ நடத்தை விதியை வெளியிட்டது. மீறினால் யார் விசாரிப்பது என்பதற்கு அதில் வழி எதுவும் இல்லை.

எனக்குப் பிடித்தது ஜெர்மனி. அங்கே அரசியல் சாசன நீதிமன்ற நீதிபதி ஒருவர் மேல் ஆட்சேபம் வந்தால், அவரை வெளியே வைத்துவிட்டு மற்ற நீதிபதிகள் முடிவு செய்ய வேண்டும். சட்டத்திலேயே இருக்கிறது. ஆட்சேபம் சரி என்றால், அவர் இடத்துக்கு இன்னொரு நீதிபதி குலுக்கல் முறையில் வருவார். தலைவர் பார்த்துப் போடுவது இல்லை, குலுக்கல்! 2018-ல் பீட்டர் முல்லர் என்ற நீதிபதி, உயிரை முடித்துக்கொள்ள உதவுவதைக் குற்றமாக்கும் சட்டம் பற்றிய வழக்கிலிருந்து இப்படி விலக்கப்பட்டார். அவர் முன்பு சார்லாந்து மாநில முதல்வராக இருந்தபோது அதே மாதிரி ஒரு சட்ட முன்வரைவுக்காகப் பாடுபட்டவர். அந்த வழக்கின் தீர்ப்பு வந்தது 2020 பிப்ரவரி 26. நம் நிலத் தீர்ப்புக்குச் சரியாக ஒன்பது நாள் முன்பு.

நியாயமாக இதையும் சொல்ல வேண்டும்: அதே ஜெர்மன் சட்டம், ஒரு சட்டக் கேள்வியில் ஆய்வு நோக்கில் கருத்துச் சொல்லியிருப்பதைத் தகுதியிழப்பாகக் கருதுவதில்லை. ஆக நீதிபதி மிஸ்ரா ஜெர்மனியில் இருந்திருந்தாலும் ஒருவேளை அமர்வில் தொடர்ந்திருக்கலாம். ஆனால் தொடரலாம் என்று சொல்லியிருப்பவர் அவராக இருந்திருக்க மாட்டார். என்னைப் பொறுத்தவரை விஷயமே அதுதான்.

விலகுவதிலும் ஒரு தவறு

இதுவரை படித்தவர்கள், சந்தேகம் வந்தால் விலகிவிட வேண்டியதுதானே என்று நினைக்கலாம். அதுவும் சரியில்லை.

விலகல் உத்தரவு வந்த அதே மாதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கவுதம் நவ்லகா தன் மீதான வழக்கை ரத்து செய்யக் கேட்டு உச்ச நீதிமன்றம் வந்தார். 2019 செப்டம்பர் 30 அன்று தலைமை நீதிபதி கோகோய் விலகினார். மறுநாள் ரமணா, சுபாஷ் ரெட்டி, கவாய் மூவரும். அக்டோபர் 3 அன்று ரவீந்திர பட். நான்கு நாளில் ஐந்து நீதிபதிகள். ஒரு காரணமும் சொல்லப்படவில்லை. கைது எப்போது வரும் என்று காத்திருக்கும் ஒருவருக்கு அந்த நான்கு நாள் எப்படிப் போயிருக்கும்? உண்மையான காரணங்கள் இருந்திருக்கலாம். சொன்னால்தானே தெரியும்.

சொல்ல முடியாத விஷயமும் இல்லை அது. அதே வருடம் ஜனவரியில் சி.பி.ஐ. இடைக்கால இயக்குநர் நாகேஸ்வர ராவ் நியமன வழக்கிலிருந்து நீதிபதி ரமணா விலகியபோது காரணம் சொன்னார்: அவர் மகள் கல்யாணத்துக்குப் போயிருந்தேன். ஒரு வரி. எல்லோருக்கும் புரிந்தது, யாருக்கும் மனக்குறை இல்லை.

நியமன ஆணைய வழக்கின்போதே இதைப் பற்றி இரண்டு நீதிபதிகள் எழுதியிருக்கிறார்கள். விலகும் நீதிபதி காரணம் சொல்வது அவருடைய அரசியல் சாசனக் கடமை என்றார் குரியன் ஜோசப். விலகலுக்கு முறையான விதிகள் வகுக்க நேரம் வந்துவிட்டது என்றார் லோகூர். 2015 அக்டோபர் அது. இரண்டு பேரும் புனே தீர்ப்பு அமர்வில் இருந்தவர்கள் என்பது தற்செயல். அந்த விதிகள் வந்திருந்தால் 2019-ல் ஷியாம் திவான் அந்த நீதிபதியின் முகத்தைப் பார்த்து அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டிய தர்மசங்கடமே வந்திருக்காது.

அறம் என்பது அமர்வில் மட்டும் இல்லை

1997 மே 7 அன்று உச்ச நீதிமன்ற நீதிபதிகள் அனைவரும் கூடி, நீதித்துறை வாழ்வின் விழுமியங்கள் என்று 16 அம்சங்களை ஏற்றுக்கொண்டார்கள். பதவியின் கண்ணியத்துக்கு ஏற்ற ஓர் ஒதுங்கல் வேண்டும் என்கிறது அது. பொதுமக்களின் பார்வை எப்போதும் தன் மேல் இருக்கிறது என்பதை நீதிபதி மறக்கக் கூடாது என்கிறது.

2020 பிப்ரவரி 22 அன்று டெல்லியில் நடந்த சர்வதேச நீதித்துறை மாநாட்டில், பிரதமர் முன்னிலையில், நீதிபதி மிஸ்ரா பிரதமரை மனம் திறந்து பாராட்டிப் பேசினார். வழக்கறிஞர் சங்கமே கவலை தெரிவித்தது. நிலத் தீர்ப்பு வந்தது அதற்கு இரண்டு வாரம் கழித்து. நாடு முழுக்க அரசு அமைப்புகள் ஒரு பக்கம், நிலக்காரர்கள் இன்னொரு பக்கம் என்று நின்ற வழக்கு அது. பாராட்டுக்கும் தீர்ப்புக்கும் தொடர்பு உண்டு என்று நான் சொல்லவில்லை, அப்படிச் சொல்ல எந்த ஆதாரமும் இல்லை. ஐந்து பேர் ஒருமனதாகச் சொன்ன தீர்ப்பு அது. ஆனால் சோதனை அந்தப் பக்கத்தில் இல்லையே. எதிரில் நிற்பவர் மனதில் என்ன ஓடும் என்பதுதானே சோதனை.

இங்கே நம்மிடமும் ஒரு பிரச்சினை இருக்கிறது என்று நினைக்கிறேன். சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் மனுநீதிச் சோழனுக்குச் சிலை வைத்திருக்கிறோம். கன்றை இழந்த பசு மணியடிக்க, தன் மகனையே தேர்க்காலில் இட்டவன். நடுநிலைமை என்றவுடன் நமக்கு நினைவு வருவது அவன்தான். ஆனால் யோசித்துப் பாருங்கள், அது விலகியிருக்க வேண்டிய வழக்கு! குற்றவாளி சொந்த மகன். அவன் மகனை விட்டிருந்தால் ஊர் தூற்றியிருக்கும். தண்டித்ததால் தெய்வம் ஆக்கினோம். ஒருவேளை மகன் உண்மையிலேயே குற்றமற்றவனாக இருந்து, அவன் விடுவித்திருந்தால்? அந்த நியாயமான தீர்ப்பை யார் நம்பியிருப்பார்கள்? அதற்காகத்தான் விலகல் என்ற ஏற்பாடே இருக்கிறது. நாம் நடுநிலைமையை ஒரு மகானின் குணமாகப் பார்த்துப் பழகிவிட்டோம். அதனால் ஒரு நீதிபதியை விலகச் சொன்னால், "என்னை அயோக்கியன் என்கிறாயா?" என்று அவருக்குக் கேட்கிறது. கேட்கும் வக்கீலுக்கும் நாக்கு தடுமாறுகிறது. வள்ளுவர் நடுவு நிலைமைக்குத் துலாக்கோலை உவமை சொன்னார். துலாக்கோலை முத்திரை அதிகாரி வந்து சோதிப்பார். அதில் கடைக்காரருக்கு அவமானம் ஒன்றும் இல்லை. கடைக்காரரே சோதித்து, "சரியா இருக்கு, நம்புங்க" என்றால்தான் சிக்கல்.

கேட்க வேண்டியது கொஞ்சம்தான்

மூன்று விஷயம் போதும். விலகல் கோரிக்கை வந்தால் அந்த நீதிபதி இல்லாமல் மற்றவர்கள் முடிவு செய்யட்டும். விலகினாலும் விலகாவிட்டாலும் காரணம் ஒரு பத்தியாவது எழுதப்படட்டும். எதிரெதிர்த் தீர்ப்புகளைப் பெரிய அமர்வு கேட்கும்போது, இரண்டில் எதையும் எழுதாதவர்களைக் கொண்டு, அல்லது இரண்டு பக்கமும் சமமாக, அமர்வு அமையட்டும். இவற்றுக்கு அரசியல் சாசனத் திருத்தமெல்லாம் வேண்டாம். தனக்கான நடைமுறை விதிகளை வகுக்கும் அதிகாரம் உச்ச நீதிமன்றத்துக்கே இருக்கிறது.

இப்படியெல்லாம் நடந்திருந்தால் தீர்ப்பு மாறியிருக்குமா? தெரியாது. மாறாமல் போவதற்குத்தான் வாய்ப்பு அதிகம் என்று எனக்கே தோன்றுகிறது. மற்ற நால்வரும் ஒப்புக்கொண்ட சட்ட விளக்கம் அது. பினோசே வழக்கிலும் இரண்டாம் முறை அதே பக்கம்தான் ஜெயித்தது.

ஆனால் சித்தப்பாவுக்கு நான் சொல்லும் பதில் மாறியிருக்கும். அன்றைக்கு "ஆமா சித்தப்பா, அதே ஜட்ஜ்தான்" என்றேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் "சரி விடு, முன்னாடியே தெரிஞ்சிருந்தா அந்த வக்கீல் ஃபீஸையாவது மிச்சம் பண்ணிருக்கலாம்" என்றார். வழக்கில் தோற்ற பலர் தீர்ப்பைத் திட்டிக் கேட்டிருக்கிறேன். இவர் திட்டவில்லை. கேட்பதற்கு முன்பே முடிவாகிவிட்டது என்று எடுத்துக்கொண்டார். அது தவறான முடிவு என்று 2019 உத்தரவை வைத்து அவருக்கு நிரூபிக்க எனக்கு இன்றுவரை வழி தெரியவில்லை.